ஞாயிறு மத்தியானம் கூப்பிடாதே

தெப்ரெத்சென்,
செவ்வாய்க்கிழமை

என் செல்ல மகள் சில்லாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் அம்மாவின் முழங்காலையும் என் ரத்தக் கொதிப்பையும் கணக்கில் சேர்க்காவிட்டால் இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம்தான். அங்கே பெர்கனில் நீயும் மாப்பிள்ளை லெவென்தேயும் என் பேத்தி போர்காவும் அந்த ஓயாத மழையில் சளி பிடிக்காமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. வாராவாரம் போனில் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குப் பேனாவை எடுத்தான் என்று நினைப்பாய். போனில் சொன்னால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், நீயும் அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா என்று சிரித்து மழுப்பிவிடுவாய். எழுதினால் இரண்டு பேரும் குறுக்கே பேச முடியாது, கடைசி வரை கேட்டே ஆக வேண்டும். காலமெல்லாம் டிராம் ஓட்டியவன் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவான் என்று எதிர்பார்க்காதே, நடுவில் நாலு இடத்தில் நின்றுதான் வருவேன். ஆனால் போய்ச் சேரும் இடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பன்னிரண்டு மணிக்கு நாம் போனில் சேர்ந்து சாப்பிடுகிறோமே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் போன ஆகஸ்டில் விமானம் ஏறினீர்கள். அந்த வாரமே உன் அம்மா, ஞாயித்துக்கிழமை சாப்பாடு மட்டும் சேர்ந்துதான் சாப்பிடணும், அதுல ஒரு பேச்சும் கிடையாது என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடிக்கும்போது போன் சூப் பாத்திரத்தில் சாய்ந்து நிற்கும். இங்கே நாங்கள் கரண்டியை எடுப்போம், அங்கே நீங்கள் எடுப்பீர்கள். அம்மா சனிக்கிழமையே தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொள்வாள், உன் கல்யாணத்துக்குக் கூட அவள் அவ்வளவு மெனக்கெடவில்லை. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன் அம்மாடி, திங்கட்கிழமை காலையில் எழுந்ததுமே அடுத்த ஞாயிற்றுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஆனால் கண் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? நாம் சூப் குடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் உன் வீட்டு மணி அடித்தது. நீ எழுந்து போய்க் கதவைத் திறந்தாய். சிவப்பு மழைக்கோட்டு போட்ட ஒரு அம்மாள், பின்னால் முதுகில் பை மாட்டிய இரண்டு பிள்ளைகள். நீ என்னவோ சொன்னாய், அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். யாரென்று கேட்டதற்கு, அடுத்த வீட்டு ராக்ன்ஹில்ட், சும்மா வந்தா என்றாய். அதற்கு இரண்டு வாரம் கழித்து அதே மணி, அதே சிவப்புக் கோட்டு, அதே சும்மா. மூன்றாவது தடவை மணி அடிக்கவே இல்லை. எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. நீ ஒரு தடவை என்னிடம் தனியாகச் சொன்னாயே, இங்க யாரும் எங்களோட ஒட்டவே மாட்டேங்கறாங்கப்பா, எல்லாரும் நல்லவங்கதான், ஆனா கதவுக்கு அந்தப் பக்கமே நின்னுடறாங்க என்று. நானும் பெரிய மனுஷன் மாதிரி, பொறுமையா இரு கண்ணு, குளிர் ஊரு மனுஷங்க சூடாக நாளாகும் என்று புத்தி சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு. நீ அடுப்பில் உருளைக்கிழங்கைப் பார்க்கப் போயிருந்தாய், உன் அம்மா ஊறுகாய் எடுக்கப் பால்கனிக்குப் போயிருந்தாள், போனில் நானும் போர்காவும் மட்டும். பள்ளிக்கூடத்தில் என்ன பண்ணுகிறாய் என்று கேட்டேன். திங்கக்கிழமை காலையில டீச்சர் எல்லாரையும், ஞாயித்துக்கிழமை என்ன பண்ணீங்கன்னு வரையச் சொல்வாங்க தாத்தா, இங்க எல்லாரும் அன்னிக்கு மலை ஏறப் போவாங்க, அதனால மலைய வரைவாங்க, நான் போனை வரைவேன் என்றாள். போனுக்குள் யார் என்று கேட்டேன். நீங்களும் பாட்டியும்தான், வேற யாரு, உங்க மூக்கு இப்பெல்லாம் பாக்காமலே வரைய வருது என்று பெருமையாகச் சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, டீச்சர் ஒரு நாள், போன வாரத்து படத்தையே திரும்பக் குடுத்துட்டியான்னு கேட்டாங்க தாத்தா, இல்ல இது புதுசுன்னு சொன்னேன், பசங்க சிரிச்சாங்க என்றாள். அதற்குள் அம்மா ஊறுகாயோடு வந்துவிட்டாள். நான் அன்றைக்கு இறைச்சியைத் தொடவில்லை. என்னடா இந்த மனுஷன், பொரிச்சதை வேண்டாம்ங்கறார், டாக்டரைப் பாக்கணுமோ என்று அம்மா உன்னிடம் புகார் சொன்னாளே, ஞாபகம் இருக்கிறதா? அதுதான் காரணம்.

அம்மாவிடம் சொல்லத்தான் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் வாய் வரை வரும், அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விடும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் வாரம் முழுக்க நடமாடுகிறாள். அதைப் பிடுங்கிவிட்டு அவளுக்கு நான் என்னத்தைக் கொடுப்பேன், சொல். அதற்காக அந்தக் குழந்தை பள்ளிக்கூடக் காலம் முழுக்கப் போனையே வரைந்துகொண்டிருக்க விடுவதா? இப்படி இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் வழி மேல் மாடியிலிருந்து இறங்கி வந்தது, நிஜமாகவே படி இறங்கித்தான் வந்தது, ஏனென்றால் நம் லிஃப்ட் மறுபடியும் ரிப்பேர்.

எங்கள் தலைக்கு மேல் ஒரு கொரியாக்காரக் குடும்பம் குடிவந்திருக்கிறது என்று சொல்லியிருந்தேன் அல்லவா. தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர்கள், நீங்கள் போன பிறகு இலையுதிர் காலத்தில் வந்தார்கள். அவர் பெயர் யாங் தேசிக். நம்மைப் போலவே குடும்பப் பெயரை முன்னால் சொல்கிறார், அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மனைவி உன்ஜூ. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, போரா. நம் மொழியில் அதற்கு அவனுடைய வைன் என்று அர்த்தம் வருமே, பெயரைக் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன், உன் அம்மா காலை மிதித்தாள். ஆறு மாதமாக அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. மேல ஆள் இருக்காங்களா இல்லையான்னே தெரியல, வளர்த்தா இப்படி வளர்க்கணும் பிள்ளையை, உன் பொண்ணும் இருந்தாளே சின்னதுல, என் தலைக்கு மேல குதிரை ஓட்டறாளான்னு கீழ் வீட்டுக்காரி தினம் சண்டைக்கு வந்து நிப்பா என்று அம்மா உன்னையும் சேர்த்து வைவாள். அது மட்டுமா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் நம் வாசலில் ஒரு பழப்பெட்டி இருக்கும். ஒரு வாரம் பேரிக்காய், ஒரு வாரம் திராட்சை, ஒரு வாரம் விலைக்கு வாங்கவே கை நடுங்குகிற ஸ்ட்ராபெரி. நாங்கள் அதை அவர்கள் ஊர் மரியாதை என்று நினைத்தோம். அம்மாவும் விடுவாளா, உப்பு பன் சுட்டு என்னை மேலே அனுப்புவாள். கதவைத் திறந்ததும் மூன்று பேரும் இடுப்பு வரை குனிவார்கள், நானும் குனிவேன், என் முதுகு பிடித்துக்கொள்ளும். பனி கொட்டுகிற நாளில் கூட சில ஞாயிறுகளில் விடிந்ததும் குழந்தையை இழுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடுவார்கள். என்ன சுறுசுறுப்பு பாரு, நீயும் இருக்கியே என்று அதற்கும் எனக்குத்தான் திட்டு.

போன ஞாயிறு காலை நான் வழக்கம்போல இறைச்சி தட்டிக்கொண்டிருந்தேன். நம் கட்டடத்தில் ஞாயிறு காலை எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியாதா, எல்லா ஜன்னலிலிருந்தும் டக் டக் டக் என்று பொரிப்பதற்காகப் பன்றி இறைச்சியைச் சுத்தியலால் தட்டி மெலிதாக்குகிற சத்தம், அது கேட்கவில்லையென்றால் அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அன்று தட்டிக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. கையில் சுத்தியலோடு போய்த் திறந்தேன். தேசிக், உன்ஜூ, இருவருக்கும் பின்னால் தடித்த கம்பளிக் காலுறையோடு போரா. தேசிக் கையில் ஒரு பெரிய முலாம்பழம். சுத்தியலைப் பார்த்ததும் மூன்று பேரும் ஒரு படி பின்னால் போனார்கள், குழந்தை அம்மாவின் பாவாடைக்குள் ஒளிந்துகொண்டது. உன்ஜூவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. கையிலிருந்த போனில் அவள் தன் பாஷையில் என்னவோ சொன்னாள், போன் அதை நம் மொழியில் மாற்றிச் சொன்னது. அது பேசுகிற நம் மொழி இருக்கிறதே, நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி. மதிப்பிற்குரிய கீழ்த்தளத்தாரே, எங்கள் மகள் இன்று ஓடவில்லை, நடக்கவும் இல்லை, காலையிலிருந்து சோபாவில் அமர்ந்திருக்கிறாள், தரை முழுவதும் மெத்தை விரித்துள்ளோம், இருந்தும் தாங்கள் தட்டுகிறீர்கள், நாங்கள் இனி எவ்வாறு அமர வேண்டும் என்று தயவுகூர்ந்து தெரிவிக்கவும் என்றது.

எதற்கு இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அப்புறம் அந்தப் போன் மூலமாகவே கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. அவர்கள் ஊரில் எல்லாரும் அடுக்குமாடியில்தான் இருக்கிறார்களாம். மேல் வீட்டில் பிள்ளைகள் ஓடினால் கீழ் வீட்டார் கம்பை எடுத்துக் கூரையில் தட்டுவார்களாம், சத்தத்தை நிறுத்து என்று அர்த்தம், அதிலேயே பெரிய பெரிய சண்டையெல்லாம் வருமாம். இங்கே குடிவந்த முதல் ஞாயிறே கீழிருந்து டக் டக் டக். சரி, குழந்தையை அதட்டி உட்கார வைத்தார்கள். அடுத்த ஞாயிறும் டக் டக். மெத்தை வாங்கினார்கள். மறுபடியும் டக் டக். பழம் வாங்கினார்கள். அந்தப் பழமெல்லாம் மன்னிப்பு, சில்லா! நாம் மன்னிப்பைத் தின்றுவிட்டு உப்பு பன் அனுப்பியிருக்கிறோம்! பனியில் பூங்காவுக்கு ஓடியதும் எனக்குப் பயந்துதான். நான் தேசிக்கின் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பலகையில் கிடந்த இறைச்சியைக் காட்டினேன். சுத்தியலை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். உன் அம்மா முழங்கை வரை முட்டையும் ரொட்டித் தூளுமாக நின்றுகொண்டு, நாங்க உங்களைத் தட்டலம்மா, பன்றியைத்தான் தட்டினோம் என்றாள். போன் அதை எப்படி மொழிபெயர்த்ததோ, உன்ஜூ அப்படியே முக்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. போரா மெதுவாக வந்து என் கையிலிருந்து சுத்தியலை வாங்கினாள். ஒரு தட்டு தட்டிவிட்டுத் தன் அம்மாவைப் பார்த்தாள். அவள் அதட்டவில்லை என்றதும் நாலு பேருக்கான இறைச்சியைக் கந்தலாக்கிவிட்டாள். சபாஷ் போர்கா என்று உன் அம்மா கையைத் தட்டினாள், பெயர் மாறிப்போனது அவளுக்கே தெரியவில்லை.

அன்று மத்தியானம் போனில், அம்மா ஏன் இன்னிக்கு அமைதியா இருக்கா என்று கேட்டாயே, இதுதான். போனை வைத்த பிறகு அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். நம்ம சத்தத்துக்குப் பயந்து ஒரு குழந்தை ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை சோபாவுலயே உக்காந்திருக்கு, நமக்குத் தெரியவே இல்லையே, நல்ல வளர்ப்புன்னு பாராட்டிட்டு இருந்தேனே என்றாள். அப்போது என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஒரு குழந்தை இல்ல பிரோஷ்கா, ரெண்டு என்றேன். போர்காவின் போன் படத்தைச் சொன்னேன், உங்களை மலைக்குக் கூப்பிட வந்து திரும்பிப் போன சிவப்புக் கோட்டு அம்மாளைச் சொன்னேன். ஐயோ, அவளுக்கு வந்த கோபம்! அப்ப என்னோட பேசறது எல்லாருக்கும் பாரமா இருக்கு, அப்படித்தானே, மூணு வாரமா மனசுல வெச்சுக்கிட்டு என் எதிர்ல உக்காந்து சூப் குடிச்சியா என்று துணியை என் மேல் வீசிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நேற்று முழுக்க என்னோடு பேச்சே இல்லை, சாப்பாட்டுத் தட்டு மட்டும் மேஜையில் கொஞ்சம் பலமாக வந்து உட்காரும். நானும் பயந்துதான் போனேன். ஐம்பது வருஷமாகத் தெரிந்தவளுக்கு நல்லது செய்கிறேன் என்று இருந்த ஒரே சந்தோஷத்தையும் உடைத்துவிட்டேனோ என்று தூக்கம் வரவில்லை.

இன்று காலை அவளே எழுந்து, சூப்புக்குப் போடுகிற முட்டைச் சேமியாவைப் பிசைந்து நறுக்கி, மாடி ஏறிப் போனாள், அந்த முழங்காலோடு. ரொம்ப நேரம் ஆளைக் காணோம். மேலே தடதடவென்று ஓடுகிற சத்தம், இத்தனை மாதத்தில் முதல் தடவையாகக் கேட்டது, விளக்குக் குமிழ் ஆடியது. கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். இறங்கி வந்தவள் என்னிடம், ஞாயித்துக்கிழமை மூணு பேரும் சாப்பிட வராங்க, பன்னெண்டு மணிக்கு என்றாள். பன்னிரண்டு மணிக்கு சில்லா கூப்பிடுவாளே என்றேன். கூப்பிட மாட்டா, நீ எழுது என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், சூப் பாத்திரத்துக்குப் பக்கத்துல போராவுக்குத் தட்டு வெக்கப் போறேன், அங்க போன் வெக்க இடமில்ல என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

ஆகவே கண்ணு, வியாழக்கிழமை மாப்பிள்ளையின் நண்பன் பெர்கனுக்கு விமானம் ஏறுகிறான், அம்மா கட்டிவைத்த பொட்டலத்தையும் இந்தக் கடிதத்தையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். சனிக்கிழமையே நீ போய் அந்த ராக்ன்ஹில்ட் வீட்டுக் கதவைத் தட்டு. அவள் மூன்றாவது தடவை வரவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ளாதே, ரெண்டு தடவை வந்தவளுக்கு இப்போது நீதான் ஒரு தடவை பாக்கி. நாளைக்கு உங்களோடு மலைக்கு நாங்களும் வரலாமா என்று கேள், அவ்வளவுதான். சமைத்துக்கொண்டு நிற்காதே, ரொட்டியில் வெண்ணெயும் வெங்காயமும் வைத்துக் கட்டிக்கொள், பொட்டலத்தில் இருக்கிற பாப்ரிகா மிளகாய்ப் பொடியைத் தூவிக்கொள், பிளம் ஜாம் ஒரு பாட்டிலை ராக்ன்ஹில்டுக்குக் கொடு. மாப்பிள்ளையை வேகமாக ஏற விடாதே, அவருக்குத் தன் பலத்தை நிரூபிக்கிற வியாதி உண்டு, மறுநாள் நொண்டுவார். போர்காவை ஈரப் பாறையில் உட்கார விடாதே, குல்லா கட்டாயம். இதெல்லாம் அம்மா சொல்லி எழுதுவது. வருகிற வாரம், காலண்டரில் உன் பெயர் போட்டிருக்கிற அந்தப் பெயர் நாள் வருகிறது, அதற்கு வாழ்த்துச் சொல்ல நானே ஒரு சாயங்காலம் கூப்பிடுகிறேன். இனிமேல் எந்தக் கிழமை எந்த நேரம் தோன்றுகிறதோ அப்போது கூப்பிடு, வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது ரெண்டு வார்த்தை பேசினாலும் போதும். ஞாயிறு மத்தியானம் மட்டும் கூப்பிடாதே. உன்னைப் பார்க்காமல் எனக்கும் அந்தச் சூப் இறங்காது, அதற்காக நீ கவலைப்படாதே, எதிரில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் எப்படியோ இறங்கிவிடும்.

கடவுள் உங்கள் மூவருக்கும் நல்ல காலும் நல்ல துணையும் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. திங்கட்கிழமை போர்கா பள்ளிக்கூடத்தில் வரைகிற படத்தைப் போனில் பிடித்து அனுப்பு. அதில் எங்கள் மூக்கு இருக்கக் கூடாது.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா தெஜோ

சில்லா, அம்மா எழுதறேன். அப்பா எழுதினதைப் படிச்சேன், வழக்கம்போல என்னை அழுமூஞ்சியாக் காட்டியிருக்கார். பொட்டலத்துல ஜாம் பாட்டிலுக்கு அடியில கலர் பென்சில் வெச்சிருக்கேன். பச்சையில மட்டும் நாலு விதம். போன் வரைஞ்சு வரைஞ்சு குழந்தைகிட்ட கறுப்புதான் தேஞ்சிருக்கும், பச்சை அப்படியே இருக்கும். ஆனாலும் ஒரு மலைக்கு அது போதாதும்மா.